அண்ணன் சேர்க்காமல் விட்ட கூலி

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரின் அட்டைப் படத்தில் அவர் கஞ்சி மொடமொடக்கும் சட்டையில், ஸ்டுடியோக்காரர் கேட்டுக்கொண்டபடி லேசாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். உயிரோடு இருந்த அண்ணனை அந்தக் கோலத்தில் பார்த்தவர்கள் உங்களில் அதிகம் பேர் இருக்க முடியாது. மன்னார்குடியில் பாதிப் பேரை வெள்ளையும் சொள்ளையுமாக நடமாட வைத்துவிட்டு, தாம் ஈரப் பனியனும் மடித்துக் கட்டிய கைலியுமாக நின்றவர் அவர்.

கட்டுரை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்குக் காரணம் உண்டு. நான் கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவள். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். அவற்றைப் படித்து யாரும் சிரித்ததாக இதுவரை தகவல் இல்லை. அதனால் நினைவு மலருக்கு நானே பொருத்தம் என்று அண்ணி முடிவு செய்துவிட்டார். "அழுவுறதுக்கு நாங்க இருக்கோம் மல்லிகா, எழுதுறதுக்கு நீ இரு" என்றார்.

எழுத உட்கார்ந்திருக்கும் இன்று ஒரு விஷயம் முடிவாகவில்லை. அண்ணனின் லாண்டரிக்கு மொத்த வேலை தரும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. அதைப் புதிய ரேட்டுக்குப் போடுவதா, பழைய ரேட்டுக்கே போடுவதா, விட்டுவிடுவதா என்பது அண்ணன் மகன் செந்தில் கையில் இருக்கிறது. பழைய ரேட்டு என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். அது செய்து முடித்ததால்தான் அண்ணன் அட்டைப் படத்துக்கு வந்திருக்கிறார். ஆகவே அண்ணனின் வாழ்க்கையை எழுதப்போகும் இந்தக் கட்டுரை ஒரு ரேட்டின் வரலாறாகவும் இருக்கும். பொறுத்தருள வேண்டும்.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் உள்ள எங்கள் ஊரில் அண்ணன் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஆற்றில் நேரத்துக்குத் தண்ணீர் வந்தால் எங்கள் வீட்டில் குறுவையும் சம்பாவும் இருக்கும். நேரம் தப்பி வந்தால் சம்பா மட்டும் இருக்கும். வரவே இல்லை என்றால் தண்ணீரைப் பற்றிய பேச்சு இருக்கும். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. அப்பா ஒவ்வொரு போகத்துக்கும் வாய்க்கணக்குப் போடுவார். உழவு, விதை, உரம், நடவாள் கூலி, களையாள் கூலி, அறுப்பு. அம்மா விடியலிலிருந்து நாற்றங்காலில் குனிந்திருந்தது அந்தக் கணக்கில் வராது. அப்பா இரவெல்லாம் மடையில் நின்று தண்ணீர் கட்டியதும் வராது. வீட்டு ஆளுக்குக் கூலி போடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எங்கள் வீட்டில் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன், இதைப் படிக்கும் உங்களில் நிலம் வைத்திருப்பவர்கள் மார்பில் கை வைத்துச் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு மீசை அரும்பிய வயதில் ஒரு முறை அந்தச் சட்டத்தோடு மோதிப் பார்த்தார். சம்பாவில் களையெடுக்க ஆள் பற்றவில்லை என்று அப்பா அவரை இறக்கினார். அண்ணன் நாள் முழுக்க எடுத்துவிட்டு, சாயங்காலம் ஆட்கள் வரிசையில் போய் நின்று கை நீட்டினார். அப்பா மற்றவர்களுக்குக் கொடுத்த அதே கூலியைக் கொடுத்தார். மறுநாள் மதியம் அம்மா சாப்பாடு கொண்டுவந்தபோது அப்பா சொன்னார்: "அவனுக்கு வரப்புல போடு. கூலிக்கு வந்த ஆளு." அண்ணன் ஆட்களோடு வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார். கூட இருந்த ஒரு பெரியவர், "நாங்க தெனம் இங்கதானே தம்பி சாப்புடுறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவல, சாப்புடு" என்று சொன்னாராம். அதை அண்ணன் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அதன் பிறகு அவர் கூலி கேட்டு யாரிடமும் கை நீட்டவில்லை. தம்மிடமே கூட.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், ஆறு வறண்ட ஓர் ஆண்டில், அண்ணன் குவைத் போனார். ஹோட்டலில் வேலை என்று கடிதம் வந்தது. உறவில் எல்லோரும் அவர் ஹோட்டலையே நிர்வகிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். பெண் பார்க்கும் காலத்தில் அந்தப் புரிதல் பெரிதும் உதவியது. அண்ணன் இருந்தது ஹோட்டலின் சலவைப் பிரிவில். பெரிய பெரிய மெஷின்கள், நீராவி, எந்தக் கறைக்கு எந்தச் சூடு என்ற பாடம், எல்லாம் அங்கே கற்றார். திரும்பி வந்து, பழைய மெஷின் ஒன்றை வாங்கி, மன்னார்குடியில் லாண்டரி திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. நிலம் வைத்திருந்த குடும்பம் ஊரார் துணியைத் துவைப்பதா என்று அப்பா சில மாதங்கள் அவரோடு பேசவில்லை. பேசாத அந்த மாதங்களிலும் தம் வேட்டிகளை மட்டும் அம்மா மூலம் கடைக்கு அனுப்பிவைத்தார். அவற்றுக்குக் காசு வாங்க அண்ணனுக்கு மனம் வரவில்லை.

நல்ல காலம் கொஞ்ச காலம் இருந்தது. கூத்தாநல்லூரிலிருந்து கல்யாணக் கோட்டுகள் வரும். அரசியல்வாதிகளின் வேட்டிகள் தேர்தல் நேரத்தில் மூட்டையாகவும், தோற்ற பிறகு ஒன்றிரண்டாகவும் வரும். அண்ணி பட்டுப் புடவைகளை மட்டும் பார்த்துக்கொள்வார். தேய்ப்புக்குப் பாக்கியம் என்ற அம்மா வந்து சேர்ந்தார். துவைக்கவும் பிழியவும் இரண்டு ஆட்கள். செந்தில் படித்து சிங்கப்பூர் போனான். அண்ணன் மாலையில் கடையைப் பூட்டிவிட்டு ராஜகோபாலசாமி கோயில் குளக்கரையில் ஒரு சுற்று நடப்பார். அந்த நடை நின்ற நாளை எங்களால் குறித்துச் சொல்ல முடியும். அது ஆஸ்பத்திரியின் முதல் லோடு வந்த நாள்.

தஞ்சாவூரில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி அது. பெயர் இங்கே தேவையில்லை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை, அறுவை அரங்கத்துப் பச்சைத் துணிகள், எல்லாவற்றையும் மொத்தமாகத் துவைத்துத் தர ரேட்டுக் கேட்டிருந்தார்கள். இன்னும் சிலரும் ரேட்டுக் கொடுத்தார்கள். எல்லோரிலும் குறைவாகக் கொடுத்தவர் அண்ணன். குறைவாக என்றால் கொஞ்சநஞ்சம் அல்ல. அவர்களே ஒரு முறை கூப்பிட்டு, எழுத்துப் பிழையா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். பெரிய இடம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் கேசரி கிளறினார்கள். நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். மழை விட்டபாடில்லை. விரிப்புகள் காயாமல், கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்குள் நுழைவது ஓர் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைவது போல இருந்தது, நோயாளிகள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஈர வாடை. எங்கோ பின்னால் மெஷின் ஒரு பக்கம் சாய்ந்து அடித்துக்கொள்ளும் சத்தம். துணிகளை விலக்கி விலக்கிப் போய் அண்ணனைக் கண்டுபிடித்தேன்.

"ரேட்டு எப்படிண்ணே போட்டீங்க?" என்று கேட்டேன். கடன் பிரிவுப் பழக்கம்.

"சோப்பு, பிளீச்சிங், கரண்டு, டீசல், மூணு ஆள் கூலி. அதுக்கு மேல கொஞ்சம் நம்ம லாபம். வேற என்ன பாப்பா?" எனக்குத் தலை நரைத்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

"நீங்க?"

"நான் என்ன?"

"உங்க கூலி."

சிரித்தார். "எனக்கு நானே குடுத்து நானே வாங்கிக்கிறதா? இந்தக் கைலேர்ந்து இந்தக் கைக்கா?"

"ஆமாண்ணே. அண்ணிக்கும் போடணும். ரத்தக்கறைத் துணியெல்லாம் பிரிச்சு பச்சத் தண்ணில ஊற வைக்கிறாங்களே, அதுக்கு வெளியாள் போட்டா சும்மாவா வருவாங்க?"

"அவ வீட்ல சும்மா இருக்குற நேரம்தானே."

"அண்ணி என்னிக்கு வீட்ல சும்மா இருந்தாங்க?"

தொங்கும் விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "கேளு மல்லிகா, நல்லா கேளு. நான் கேட்டா சண்டை, நீ கேட்டா கணக்கு."

நான் விடவில்லை. துவைப்பதும் தேய்ப்பதும் மட்டும் வேலை இல்லை என்று எடுத்துச் சொன்னேன். கறை வாரியாகப் பிரிப்பது வேலை. தஞ்சாவூருக்கு வண்டி ஓட்டுவது வேலை. அங்கே பின்வாசல் ஸ்டோரில் எண்ணி எடுத்துக்கொள்ளும் வரை காத்திருப்பது வேலை. ஒரு தலையணை உறை குறைந்தால் அவர்களோடு வாதாடுவது வேலை. கறை போகவில்லை என்று திருப்பி அனுப்பியதைக் காசில்லாமல் இன்னொரு தரம் துவைப்பது வேலை. அடைமழையில் காயாததை மெஷினில் போட்டு, கரண்டு போனால் வரும் வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் வேலை. இதெல்லாம் ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்து, அந்த நேரத்துக்கு வெளியாள் வைத்தால் என்ன கூலி என்று பெருக்கினால்தான் உண்மையான ரேட்டு வரும்.

அண்ணன் கவனமாகக் கேட்டார். மனத்துக்குள் பெருக்கியும் பார்த்திருக்க வேண்டும்.

"அப்ப லாபம்னா என்ன பாப்பா?"

"உங்க எல்லார் கூலியும் போக மிச்சம் இருக்குறது."

"மிச்சம் இருக்காதே."

"அதாண்ணே சொல்றேன்."

"நீ சொல்ற மாதிரி போட்டா நம்மளுக்கு ஆர்டரே வந்திருக்காது" என்றார். அது உண்மை. அவர் எழுந்து மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். ஈர விரிப்புகள் அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டன.

பிறகு நடந்தவை ஒன்றன் பின் ஒன்றாக, மிகவும் ஒழுங்காக நடந்தன. துவைப்பு மெஷின் பார்த்த ஆள் திருப்பூரில் கூடுதலாகத் தருகிறார்கள் என்று சொன்னார். கூடுதலாகக் கொடுத்து நிறுத்திக்கொள்ள ரேட்டில் இடம் இல்லை. அவர் போனார். அந்த வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். மாதக் கடைசியில் பார்த்தால் லாபம் கூடியிருந்தது. அடுத்து, பிழிந்து காயப்போடும் ஆள் ஆட்டோ வாங்கிக்கொண்டு போனார். அந்த வேலை அண்ணிக்கு வந்தது. லாபம் இன்னும் கூடியது. எங்கள் வீட்டுக்காரர் அரசு வேலையில் ஓய்வு பெற்று, "மச்சான் கடைப் பக்கம் சும்மா போய்ட்டு வர்றேன்" என்று கிளம்பினார். ஆஸ்பத்திரியில் துணி எண்ணிக் கொடுக்கும் வேலையில் மாட்டிக்கொண்டார். அரசாங்கம் அவரிடமிருந்து அவ்வளவு வேலை வாங்கியதே கிடையாது. எண்ணிக்கைக் குறைவுக்கு அவர்கள் பிடித்த காசு நின்றதில் லாபம் மறுபடியும் கூடியது.

ஆட்கள் குறையக் குறைய லாபம் கூடும் தொழிலை என் வங்கி அனுபவத்தில் நான் கண்டதில்லை. துப்பறியும் கதைகளில் கண்டிருக்கிறேன். பங்களாவில் விருந்தினர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள், மிச்சம் இருப்பவர் பெயரில் சொத்து வளர்ந்துகொண்டே போகும். அண்ணனுக்கு அதைச் சொன்னேன். "அப்ப நான்தான் கடைசி ஆளா?" என்று கேட்டார், ஆர்வமாக.

நீங்களும் அந்தக் காலத்தில் கடைக்கு வந்திருப்பீர்கள். விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர வேண்டும். எனவே அண்ணனைப் பார்க்க வந்த யாரும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் சின்னம்மா பேத்தியின் கல்யாணப் பேச்சு ஒரு விரிப்பின் இரண்டு முனைகளில் நடந்து முடிந்தது. பத்திரிகை வைக்க வந்தவர்கள் மடித்தார்கள். கடன் கேட்க வந்தவர்கள் மடித்தார்கள், கடன் கிடைக்காதவர்களும் மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். யாரையும் அண்ணன் வற்புறுத்தியதில்லை. முனையை நீட்டுவார், நாம் பிடித்துக்கொள்வோம். வீட்டு ஆட்கள் அல்லவா.

பாக்கியம் ஒருவர் மட்டும் ஆறு மணியானால் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். "வரேன் சாமி" என்பார், திரும்பிப் பார்க்க மாட்டார். எங்களில் கூலி வாங்கியவர் அவர் ஒருவரே. வீட்டுக்குப் போனவரும் அவர் ஒருவரே.

ஆஸ்பத்திரி புதிதாக ஒரு கட்டடம் கட்டியது. துணி கூடியது. ரேட்டு அதே. "அளவு கூடுதுல்ல, அதுல சரி பண்ணிக்கலாம்" என்றார் அங்கே கொள்முதல் பார்க்கும் மேனேஜர். நஷ்டத்தில் செய்வதை அதிகமாகச் செய்தால் சரியாகிவிடும் என்ற இந்தக் கருத்தை அண்ணன் எங்களிடம் வந்து மரியாதையோடு எடுத்துச் சொன்னார். அதற்குள் அவருக்கு நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. நெஞ்சை நீவிக்கொண்டு "வாயு" என்பார். தஞ்சாவூர் டெல்டாவில் மனிதர்களுக்கு இதயம் என்று ஒன்று இல்லை, வாயுதான் உண்டு. அவர் போகாத நாளே இல்லாத இடம் ஓர் ஆஸ்பத்திரி. இருதய மருத்துவரின் அறை அதன் முன்பக்கத்தில் இருந்தது. அண்ணன் பின்வாசல் வழியாகப் போய், ஸ்டோரில் காத்திருந்து, பின்வாசல் வழியாகவே வந்தார்.

"முன்னாடி போய் ஒரு தடவ காட்டிட்டு வந்துடுங்களேன் மச்சான்" என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

"அந்த நேரத்துல யாரு மாப்ளே வண்டில ஏத்துறது?"

சென்ற சித்திரையில் ஒரு மதியம், இருவரும் லோடோடு திரும்பினார்கள். கடை வாசலில் வேப்ப மரத்தடியில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். எங்கள் வீட்டுக்காரர் இறங்கிப் பின் கதவைத் திறந்தார். அண்ணன் இருக்கையிலேயே தலையைச் சாய்த்திருந்தார். அசதியில் அப்படிக் கொஞ்சம் கண்ணயர்வது சமீப காலத்து வழக்கம். அவரை எழுப்ப வேண்டாம் என்று எங்கள் வீட்டுக்காரரும் பாக்கியமும் சத்தமில்லாமல் மூட்டைகளை இறக்கினார்கள். எல்லாவற்றையும் இறக்கினார்கள். கடைசி மூட்டை உள்ளே போன பிறகு அண்ணி மோர் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

அன்று மாலை வீடு நிறைந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். அழுதீர்கள். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய துணி காய்ந்து குவிந்து கிடந்தது. யார் முதலில் முனையைப் பிடித்தார்கள் என்று தெரியவில்லை. பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று, ஒப்பாரிக்கு நடுவே, உதறி உதறி மடித்தார்கள். காலையில் லோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் மாலையோடு வந்தார். நல்ல மனிதர், உண்மையாகவே கண் கலங்கினார். போகும்போது என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "திங்கக்கெழமை லோடு எடுக்க ஆள் வருவாங்களா மேடம்?"

ஆள் வந்தான். செந்தில் சிங்கப்பூரிலிருந்து காரியத்துக்கு வந்திருந்தான். ஆஸ்பத்திரி வேறு இடம் பார்க்கும் வரை ஒரு மாதம் பார்த்துக்கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றான். இந்த மலர் அச்சாகும் வரை அவன் போகவில்லை. அங்கே வேலை போய்விட்டது. இங்கே முழங்கால் வரை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறான். போன மாதம் மூட்டை தூக்கிவிட்டு நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு "வாயு" என்றான். இடுப்பில் வாயு. அண்ணி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மல்லிகா, அன்னிக்கு அவருகிட்ட சொன்னியே ஒரு கணக்கு. அதை எனக்குப் போட்டுக் குடு" என்றார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டோம். அண்ணன் ஒருவர் செய்ததைச் செய்ய ஒரு டிரைவர் வேண்டும். மெஷினுக்கு ஓர் ஆள் வேண்டும். அது நின்றால் பார்க்க ஒரு மெக்கானிக் வேண்டும். ஸ்டோரில் காத்திருக்க ஒருவர் வேண்டும். அண்ணிக்குப் பதில் இரண்டு பெண்கள் வேண்டும். எங்கள் வீட்டுக்காரருக்குப் பதில் யாரும் கிடைக்க மாட்டார்கள் என்று அவரே சொன்னார், ஆனாலும் ஓர் ஆள் போட்டோம். எல்லோருக்கும் பாக்கியம் வாங்குகிற மாதிரி கூலி போட்டு, திருப்பி அனுப்பும் துணிக்கும் சேர்த்துக் கூட்டியபோது, வந்த ரேட்டைப் பார்த்து அண்ணி மறுபடியும் ஒரு தரம் கூட்டச் சொன்னார்.

"இவ்வளவையுமா அந்த மனுஷன் சும்மா குடுத்தாரு" என்றார்.

புதிய ரேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தோம். மேனேஜர் போனில் கூப்பிட்டார். பாக்கியமும் நானும் கேட்கும்படி அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னம்மா இது, பெரியவர் இருந்தப்பல்லாம் இப்படி இல்லியே."

"அதனாலதான் சார் பெரியவர் இல்ல" என்றார் அண்ணி.

மேனேஜர் குரலைத் தணித்துக்கொண்டு வருத்தம் சொன்னார். பிறகு, "பழைய ரேட்டுன்னா நாளைக்கே கையெழுத்துப் போட்டுரலாம். புதுசுன்னா நான் மேல கேக்கணும். யோசிச்சு சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அண்ணி யோசிக்கவில்லை. அன்று மாலையே செந்திலுக்கு ஒரு மாதக் கூலியை எடுத்துக் கையில் கொடுத்தார். மகன் கூலி வாங்கிவிட்டால் கணக்கில் அவன் ஓர் ஆள் ஆகிவிடுவான். அதன் பிறகு பழைய ரேட்டுக்குக் கையெழுத்துப் போட வழியே இல்லை. அதுதான் அவர் எண்ணம்.

செந்தில் பணத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னம்மா, என்னைய வேலக்காரனாக்கிட்டீங்களா?"

"வேலக்காரன்னா சாயங்காலம் வூட்டுக்குப் போவாண்டா. பாக்கியத்தப் பாரு. வாங்கிக்க."

"எனக்கு எதுக்கும்மா."

"வாங்கிக்கடா."

அவன் மெஷின் மேல் வைத்துவிட்டு லோடு ஏற்றப் போனான். பணம் மெஷினின் அதிர்வில் மெல்ல மெல்ல நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. பாக்கியம் அதை எடுத்து, ஈரம் படாத இடத்தில், ஒரு கல்லுக்கு அடியில் வைத்தார். "தம்பி, இது ஒண்ணும் கடிக்காது" என்றார். அவருக்கு மணி ஆறாகியிருந்தது.

இதுவரை எழுதி முடித்துவிட்டு, நன்றிப் பகுதிக்குப் பெயர்கள் கேட்க நேற்றுக் கடைக்குப் போனேன். அண்ணி பின்னால் இருந்தார். செந்தில் துணிகளுக்கு நடுவே இருந்து, யார் யார் பெயர் விட்டுப்போகக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில் சாதாரணமாக, "ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் ஒரு நன்றி போட்ருங்க அத்தை" என்றான்.

"அவங்களுக்கு எதுக்குடா?"

"புதுப்பிச்சுக் குடுத்துட்டாங்கல்ல."

"எந்த ரேட்டுக்கு?"

அவன் ஒரு விரிப்பை எடுத்து உதறினான். "ரெண்டு வருஷத்துக்கு மட்டும் அத்தை. வெளியாள் போட்டாத்தான் நஷ்டம். நானே பாத்துக்கிட்டா லாபந்தான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டாங்க. போய் துணி ஊற வைக்க ஆரம்பிச்சுட்டாங்க."

பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் விரிப்பின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினான். பேசிக்கொண்டே நான் பிடித்துக்கொண்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இனி நன்றி. அண்ணன் மறைந்த நாளில் ஓடி வந்து தோள் கொடுத்த ஊர்ப் பெரியவர்களுக்கும், பந்தலும் நாற்காலியும் தந்து வாடகை வாங்க மறுத்த நண்பருக்கும், கடைத்தெரு அண்டை அயலார்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று மதியம் மூட்டை இறக்கியதற்கு இன்றுவரை தம்மை மன்னிக்காத எங்கள் வீட்டுக்காரருக்கும், அவரை மன்னித்துவிட்ட பாக்கியம் அம்மாவுக்கும் நன்றி. செந்தில் கேட்டுக்கொண்டபடி, எங்கள் மேல் நம்பிக்கை வைத்துப் பணியைத் தொடர்ந்து தரும் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் நன்றி.

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வெளியூர்களிலிருந்து சிரமம் பாராமல் வந்திருக்கும் சொந்தபந்தங்கள் அனைவரையும் கும்பிட்டு வரவேற்கிறேன். மதியச் சாப்பாடு கடைக்குப் பக்கத்து மண்டபத்தில் ஏற்பாடாகியிருக்கிறது. வயிறாரச் சாப்பிடுங்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும், கடைப் பக்கம் எட்டிப் பார்க்காமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூட நிற்காமல், அவரவர் ஊருக்கு உடனே புறப்பட்டுவிடுமாறு உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை மல்லிகா